மகளின் பங்கைக் கணக்கிட்டுக் காட்டிய மேதை அல் குவாரிஸ்மி

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

காலை ஏழு மணிக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று பார்த்தால், தாம்பரம், சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் பக்கம் போகும் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் நம் சமுதாயப் பிள்ளைகளும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களே அதிகம். எதில் ஆர்வம் என்று கேட்டால் சிலர் வேலையைச் சொல்வார்கள், சிலர் வெளிநாட்டைச் சொல்வார்கள். ஓரிருவர்தான் கணிமைக் கோட்பாட்டையும் மெஷின் லேர்னிங்கையும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பார்கள். வீட்டில் இருக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்தச் சொற்கள் புரிவதில்லை. நல்ல சம்பளம் கிடைக்கும் படிப்பு என்பது மட்டும் புரிகிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது உச்சரிக்கும் சொல் ஒன்று உண்டு. அதுதான் அல்காரிதம். ஒரு வேலையை எந்த வரிசையில், எந்தப் படிகளில் செய்து முடிப்பது என்ற செய்முறைக்கு அந்தப் பெயர். அது ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்த சொல் என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், பயான்களிலும் சொல்லியிருப்பார்கள். கேட்டுப் பெருமைப்பட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அவர் எதற்காக அந்தக் கணக்கை எழுதினார் என்பதைப் பேசுவதே இல்லை. அதைத் தெரிந்துகொண்டால் பெருமையோடு கொஞ்சம் வெட்கமும் வரும்.

குவாரிஸ்மிலிருந்து பக்தாத் வரை

அவருடைய முழுப்பெயர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. கி.பி. 780 வாக்கில் பிறந்து 850 வாக்கில் மறைந்தார். குவாரிஸ்ம் என்பது ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள பகுதி. இன்றைய உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலும் அது பரவிக் கிடக்கிறது. குடும்பத்தின் பூர்வீகம் அது என்பதால் அந்தப் பெயர். அவர் வாழ்ந்ததும் உழைத்ததும் பக்தாதில்.

பக்தாத் அப்போது புது நகரம். கலீஃபா மன்சூர் 762-இல் அதற்கு அடித்தளமிட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காகிதம் செய்யும் தொழிலும் அங்கே வந்துவிட்டது. தோலில் எழுதிய காலம் போய், குறைந்த செலவில் நூல்களைப் படியெடுக்க முடிந்தது. கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபிக்குப் பெயர்க்கப்பட்டன. கலீஃபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆட்சி செய்தார். அவருடைய பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில்தான் அல் குவாரிஸ்மி பணியாற்றினார்.

அதே 780-இல் பிறந்து, அதே பக்தாதில் வாழ்ந்த இன்னொரு பெரியவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள். அறிஞர்களை ஆதரித்த இந்த மஃமூன்தான், தன் ஆட்சியின் கடைசி ஆண்டில், கொள்கை விஷயத்தில் தன் கருத்தை ஏற்காத இமாம் அவர்களை விலங்கிட்டு அழைத்து வரச் செய்தார். ஒரே ஆட்சியாளரிடம் அறிவுக்கு ஆதரவும் இருந்தது, ஆலிம்களுக்கு அநீதியும் நடந்தது. பொற்காலம் என்று பேசும்போது இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அல் குவாரிஸ்மியின் தனி வாழ்க்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தது சில வரிகள்தான். அவரை அறிய நமக்கு இருக்கும் வழி அவருடைய நூல்கள்.

இந்தியாவிலிருந்து போன எண்கள்

அவருடைய கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய வானியல் நூல், மன்சூரின் காலத்தில், 770-களில், சிந்துப் பகுதியிலிருந்து வந்த தூதுக்குழு வழியாக பக்தாதை அடைந்தது. அது அரபியில் சிந்துஹிந்த் என்ற பெயரில் வழங்கியது. அந்த மரபை அடிப்படையாக வைத்து அல் குவாரிஸ்மி தம் வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். சூரியன், சந்திரன், கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட உதவும் அட்டவணைகள் அவை.

இன்னொரு நூலில், ஒன்பது குறிகளையும் ஒரு சுழியத்தையும் வைத்து எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதுவது எப்படி என்று விளக்கினார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாவற்றையும் படிப்படியாகக் காட்டினார். இது இந்தியர்களின் கணக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறரிடமிருந்து பெற்ற அறிவைப் பிறருடையது என்று சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது. அந்த நூலின் அரபி மூலம் இன்று கிடைப்பதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட லத்தீன் வடிவங்களே மிஞ்சியிருக்கின்றன.

ஐரோப்பியர்கள் அந்தப் புது முறையை அவர் பெயராலேயே அழைத்தார்கள். அல் குவாரிஸ்மி என்பது அவர்கள் நாவில் அல்கோரித்மி ஆனது. பிறகு அல்காரிதம் ஆனது. ஸ்பானிய மொழியில் இலக்கத்துக்கு குவாரிஸ்மோ என்று இன்றும் ஒரு சொல் உண்டு. அதுவும் அவர் பெயரே. ஆனால் எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. 1299-இல்கூட இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம், கணக்கேடுகளில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது.

எலும்பைச் சேர்ப்பது போல ஒரு கணக்கு

அவருடைய நூல்களில் மிகப் புகழ்பெற்றது மஃமூனின் காலத்தில், 820 வாக்கில் எழுதப்பட்டது. ஜப்ர், முகாபலா ஆகியவற்றின் கணக்கு பற்றிய சுருக்கநூல் என்பது அதன் பெயரின் பொருள். அதிலுள்ள ஜப்ர் என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது. முறிந்ததைச் சேர்த்துச் சரியாக்குவது என்று அதற்குப் பொருள். சமன்பாட்டின் ஒரு பக்கம் கழிபட்டுக் குறையாக நிற்பதை, இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். இரு பக்கமும் ஒரே வகையாக இருப்பவற்றை எதிரெதிரே வைத்துக் கழிப்பது முகாபலா. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரை ஸ்பானிய மொழியில் அல்ஹெப்ரிஸ்தா என்று அழைத்தது இதே அரபிச் சொல்லால்தான்.

இன்றைய பள்ளிப் புத்தகத்தில் வரும் எக்ஸ், ஒய் எதுவும் அதில் இல்லை. எண்களைக்கூட எழுத்தால்தான் எழுதினார். தெரியாத அளவுக்கு அவர் வைத்த பெயர் ஷய், அதாவது ஒரு பொருள். வர்க்கம், மூலம், வெறும் எண் ஆகிய மூன்றும் எப்படிச் சேர்ந்தாலும் எல்லாக் கணக்கும் ஆறே வகைக்குள் அடங்கிவிடும் என்று காட்டி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு செய்முறை கொடுத்தார்.

அவர் தந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணின் 10 மடங்கைச் சேர்த்தால் 39 வருகிறது. அந்த எண் எது? 10-இல் பாதி 5. 5-இன் வர்க்கம் 25. அதை 39-உடன் கூட்டினால் 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் 3. அதுதான் விடை.

விடையோடு அவர் நிறுத்தவில்லை. ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதையும் படம் வரைந்து விளக்கினார். ஒரு சதுர மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கங்களில் 5 அகலமுள்ள பட்டைகளை ஒட்டுங்கள். மூலையில் ஒரு சிறு சதுரம் குறையும். அந்தக் குறை 25. அதை நிரப்பினால் முழுச் சதுரம் 64 ஆகிவிடும். பக்கம் 8. ஒட்டிய 5-ஐ எடுத்துவிட்டால் பழைய மனையின் பக்கம் 3.

மேதை ஒருவர் மனத்துக்குள் போட்டு விடை சொல்வது ஒன்று. அதே கணக்கைச் சாதாரண மனிதரும் படிப்படியாகச் செய்து, அதே விடைக்கு வந்து, சரிதானா என்று சோதித்துக்கொள்ளும்படி எழுதி வைப்பது வேறு. அல் குவாரிஸ்மி செய்தது இரண்டாவது. அதனால்தான் அல்காரிதம் என்ற சொல் அவருக்குப் பொருத்தமாக அமைந்தது.

நூலின் பாதி எதற்கு?

இனித்தான் நாம் பேசாமல் விடும் பகுதி வருகிறது. அந்த நூலை எழுதும்படி ஊக்கமளித்தவர் கலீஃபா மஃமூன். வாரிசுப் பங்கு, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் எளிய கணக்கைத் தர வேண்டும் என்பதே நோக்கம் என்று அல் குவாரிஸ்மி முன்னுரையில் சொல்கிறார். முதல் பகுதியில் சமன்பாடுகள். அடுத்து வியாபாரக் கணக்கும் நில அளவையும் சிறு அளவில். மீதி, ஏறக்குறைய நூலின் பாதி, வஸிய்யத்தும் வாரிசுரிமையும்தான்.

அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ் வாரிசுகளின் பங்குகளைத் தெளிவாக நிர்ணயித்திருக்கிறான். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, கணவருக்கு நான்கில் ஒன்று. நம் தமிழ்க் கணக்கில் சொன்னால் அரைக்கால், கால். பிள்ளைகளுக்குள் ஆணுக்கு இரண்டு பங்கு என்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு. கடனையும் வஸிய்யத்தையும் முதலில் தீர்க்க வேண்டும். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சட்டம் தெளிவாக இருந்தாலும், எல்லாம் ஒரே குடும்பத்தில் சேரும்போது பின்னங்கள் சிக்கலாகிவிடும். அந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் அவர் அல்ஜீப்ராவைப் பயன்படுத்தினார்.

அவர் நூலில் வரும் கணக்கு ஒன்று. ஒரு பெண் இறந்துபோகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். வாரிசு அல்லாத ஒருவருக்குத் தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்த்து வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 56-இல் 15. இது மூன்றில் ஒன்றுக்குக் குறைவு, ஆகவே செல்லும். மீதி 56-இல் 41. அந்த மீதியை 20 பங்காக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3. இரண்டையும் இணைக்கச் சொத்து முழுவதையும் 1120 பங்காக்க வேண்டும். வஸிய்யத் பெற்றவருக்கு 300. கணவருக்கு 205. மகனுக்கு 246. மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒரு பங்குகூட மிஞ்சாது, குறையாது.

உலகின் முதல் அல்ஜீப்ரா நூல் என்று போற்றப்படும் ஏட்டில், மூன்று மகள்களின் பங்கு 1120-இல் 123 என்று கடைசி எண் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது.

வானும் பூமியும்

அவருடைய உழைப்பு இதோடு முடியவில்லை. பூமியின் தோற்றம் பற்றிய தம் நூலில் 2402 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பட்டியலிட்டார். மத்தியதரைக் கடலின் நீளத்தைக் கிரேக்க அறிஞர் தாலமி மிகையாகச் சொல்லியிருந்ததைத் திருத்தி, உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டு வந்தார். அஸ்தர்லாப் என்னும் வானளவைக் கருவி பற்றியும், நிழல் கடிகாரம் பற்றியும் எழுதினார். யூதர்களின் காலண்டரைக் கணக்கிடும் முறைக்கும் ஒரு நூல் செய்தார். அடுத்த சமூகத்தின் கணக்கையும் மதித்துக் கற்றவர் அவர்.

ஐரோப்பா எடுத்ததும் விட்டதும்

அவர் மறைந்து ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குப் பிறகு நூல்கள் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. குர்துபாவில் மஸ்லமா அல் மஜ்ரீத்தி திருத்தியமைத்த வானியல் அட்டவணைகளை 1126-இல் பாத் நகரத்து அடெலார்ட் லத்தீனில் பெயர்த்தார். அல்ஜீப்ரா நூலை 1145-இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் நகரத்து ராபர்ட் பெயர்த்தார். பின்னர் தொலைதோவில் கிரெமோனா நகரத்து ஜெரார்ட் மீண்டும் பெயர்த்தார்.

இந்த லத்தீன் மொழிபெயர்ப்புகளில் வாரிசுரிமைப் பகுதி இல்லை. சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஷரீஅத்தின் பாகக் கணக்கு அவர்களுக்கு எதற்கு? 1342-இல் படியெடுக்கப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அரபிப் பிரதியை வைத்து, 1831-இல் ஃபிரெடெரிக் ரோசன் ஆங்கிலத்தில் வெளியிட்டபோதுதான் அந்தப் பகுதியும் மேற்கத்திய வாசகர்கள் கைக்குப் போனது.

1979 செப்டம்பரில் கணினி அறிஞர்கள் பலர் அன்றைய சோவியத் உஸ்பெகிஸ்தானில் குவாரிஸ்ம் மண்ணின் ஊர்கெஞ்ச் நகரில் கூடினார்கள். அல்காரிதங்கள் பற்றிய அந்த மாநாட்டில் அமெரிக்காவின் டொனால்ட் நூத்தும் கலந்துகொண்டார். சோவியத் அரசு 1983-இல் அவர் பிறந்த 1200-ஆம் ஆண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு.

இன்றைய மாணவருக்கு

கணிமைக் கோட்பாடு படிக்கும் மாணவர் முதலில் சந்திக்கும் கேள்வி, எந்தக் கணக்கைப் படிப்படியான செய்முறையால் முடிக்க முடியும், எதை முடிக்கவே முடியாது என்பது. 1936-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டியூரிங், அத்தகைய செய்முறை என்றால் என்ன என்பதற்குக் கற்பனையான ஓர் இயந்திரத்தை வைத்து வரையறை தந்தார். எந்தச் செய்முறையாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்றும் நிரூபித்தார். அல்காரிதம் அங்கே ஒரு கணிதப் பொருளாகவே ஆகிவிட்டது.

மெஷின் லேர்னிங் வேறு பாதையில் போகிறது. அங்கே விதியை நாம் எழுதிக் கொடுப்பதில்லை. பழைய தகவல்களை இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். அதில் உள்ள போக்கை அது தானே கண்டுபிடித்து, புதிய ஒன்றுக்கு விடை சொல்கிறது. உள்ளே நடப்பது அல்ஜீப்ராதான், ஆனால் கோடிக்கணக்கான எண்களோடு. ஏன் இந்த விடை என்று கேட்டால், அல் குவாரிஸ்மி சதுரம் வரைந்து காட்டியது போலக் காட்டுவது கடினம். இந்தத் துறையில் இன்று நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று, இயந்திரம் சொல்லும் விடைக்குக் காரணம் கேட்பது. கொடுத்த தகவலில் அநீதி இருந்தால் இயந்திரமும் அநீதியையே கற்றுக்கொள்ளும் என்பது இன்னொரு கவலை.

அந்தக் கவலையை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவோம். மேடவாக்கத்தைச் சுற்றியிருந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. மனைகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. அன்று ஏக்கர் கணக்கில் பேசியதை இன்று கிரவுண்டிலும் சதுர அடியிலும் பேசுகிறோம். விலை ஏற ஏறப் பங்கு கொடுக்கும் மனம் சுருங்குகிறது. நம் குடும்பங்களில் நடந்த பாகப்பிரிவினைகளை எல்லாம் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்து, மகளின் பங்கு எவ்வளவு என்று கற்கச் சொன்னால் அது எதைக் கற்கும்? அன்னிஸா அத்தியாயத்தையா, அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் விடுதலைப் பத்திரத்தையா?

கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே அவள் பங்கு என்கிறோம். வாப்பா மௌத்தாகும் முன் கொடுத்தது வாரிசுப் பங்காக முடியாது. அண்ணன் தம்பியோடு உறவு அறுந்துவிடுமே என்ற பயத்தில் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகச் சொல்லவும் முடியாது. அவளுடைய பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லி, அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்த பிறகு, தன் விருப்பத்தால் திருப்பித் தந்தால் அது வேறு.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. வாப்பா 32 லட்ச ரூபாய் மதிப்புள்ள சொத்தை விட்டுச் செல்கிறார். கடன் இல்லை, வஸிய்யத் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டும் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று 4 லட்சம். மீதி 28 லட்சத்தை நான்காக்கினால் மகனுக்கு 14 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 7 லட்சம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். குடும்பம் பெரிதாக இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இதை நம் நாட்டிலும் நமக்கு உரிமையாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஆபத்து என்றால் வீதிக்கு வருகிறோம். வீட்டுக்குள் அதை நடத்துகிறோமா?

ஐரோப்பா அல் குவாரிஸ்மியின் நூலில் அல்ஜீப்ராவை எடுத்துக்கொண்டு வாரிசுரிமையை விட்டது. அது அவர்களுடையது அல்ல என்பதால் விட்டது. நாமோ அவர் பெயரை எடுத்துக்கொண்டு, நமக்கே உரிய அந்தப் பகுதியை விட்டுவிட்டோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அன்புப் பிள்ளைகளே, ஆராய்ச்சி செய்யுங்கள். கணிமைக் கோட்பாட்டிலும் மெஷின் லேர்னிங்கிலும் உச்சிக்குப் போங்கள். அந்தத் துறையின் வாசலில் எழுதியிருப்பது உங்கள் முன்னோர் ஒருவரின் பெயர்தான். ஆனால் அவருடைய முதல் பாடத்தை வீட்டிலேயே தொடங்குங்கள். பெருநாள் விடுமுறையில் குடும்பம் கூடும்போது ஒரு தாளை எடுத்து, உங்கள் உம்மாவுக்கும் மாமிக்கும் அவர்களுடைய வாப்பாவின் சொத்தில் எவ்வளவு வர வேண்டியிருந்தது என்று படிப்படியாகப் போட்டுப் பாருங்கள். விடையைப் பெரியவர்கள் முன்னால் வையுங்கள். கோபப்படாமல், மரியாதையோடு வையுங்கள்.

பயனுள்ள கல்வியைத் தந்து, அதன்படி நடக்கும் நல்லுள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.